பழஞ்சேலைக் காகிதம்

கோவில்பட்டியில் பூவனநாதனைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவன் போட்ட கிளியைத் தெரியாதவர்கள் கிடையாது. தீப்பெட்டி லேபிளில் ஒரு காலால் கொய்யாப்பழத்தைப் பிடித்துக்கொண்டு, நம்மை ஒரு தினுசாகப் பார்க்குமே, அந்தக் கிளி. தாமரையும் குத்துவிளக்கும் தொப்பி வைத்த துரையும்கூட அவன் கைவேலைதான். லித்தோ பிரஸ்ஸில் டிசைன் போடுகிற உத்தியோகம். முதலாளி கண்ணுசாமி தங்கமான மனிதர். ஆனால் எந்த டிசைனைக் கொண்டுபோய் நீட்டினாலும், "இன்னும் கொஞ்சம் செவப்பு ஏத்தும்" என்பார். அவரை விட்டால் தாமரை இலையைக்கூடச் சிவப்பாக்கிவிடுவார்.

பூவனநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. குச்சி தீர்ந்ததும் கிளியோடு சேர்த்துப் பெட்டியைச் சாக்கடையில் எறிகிறார்களே என்பதல்ல அது. அதையெல்லாம் அவன் எப்போதோ செரித்துவிட்டான். வரைவதெல்லாம் கண்ணுக்கு மட்டுமே என்று ஆகிவிட்டதுதான் குறை. மெஷினிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிற அந்தப் பளபளப்புத் தாளை எத்தனை முறை தடவினாலும் விரலுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. கண்ணாடியைத் தடவுகிற மாதிரி இருக்கும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் மதுரைப் பொருட்காட்சிக்குப் போனவன், கதர்க் கடை ஒன்றில் கையால் செய்த காகிதம் ஒன்றைத் தொட்டான். தொட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக, நடுவில் லேசான மேடு பள்ளத்தோடு, ஏதோ உயிருள்ளது போல இருந்தது. கடைக்காரரிடம் செய்முறையைக் கேட்டான். அவர் விற்கிறவர்தானே, செய்கிறவர் இல்லை. ஊறப்போட வேண்டும், இடிக்க வேண்டும், தண்ணீரில் கரைத்து வலைச் சட்டத்தால் அள்ள வேண்டும் என்று வாய்க்கு வந்த வரைக்கும் சொன்னார். ஒரே ஒரு தாளை வாங்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறியவன், சாத்தூர் தாண்டியும் அதைத் தடவிக்கொண்டே வந்தான். பக்கத்து ஸீட்காரர் அவனை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லை அவன் ராஜ்யமாகிவிட்டது. முதலில் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திக் குச்சியை, வெட்டி வந்து வேகவைத்தான். கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்தால் கேட்பாரற்றுக் கிடப்பதுதானே என்ற நினைப்பு. வந்தது காகிதமல்ல, சாண எருவாட்டி. அப்புறம் மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்தான். அது தண்ணீருக்குள் போனதும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாக மிதந்தது.

"ஏலே, இது கடுதாசியா, கருகின தோசையா" என்று கேட்டாள் அவன் அம்மா பார்வதியம்மாள். "இங்கன குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே குடத்தத் தூக்கிட்டு அலையுது. நீ கடுதாசிக்குத் தண்ணி காட்டுதே."

அது நியாயமான கேள்விதான். அதனால் பூவனநாதன் ஒரே தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டான். அது கலங்கிப்போய் முருங்கை மரத்துக்குப் போகிற வரைக்கும் விடமாட்டான்.

விடை அவன் கைக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் பிரஷ்ஷைத் துடைத்தபோது துடைத்த துணி விரலோடு கிழிந்து வந்தது. அம்மாவின் பழைய சேலைத் துண்டு அது. கிழிந்த இடத்தில் இழைகள் பூப்போல விரிந்து நின்றன. இத்தனை வருஷமாகத் துவைகல்லில் அடித்து அடித்து, வெயிலில் காய்ந்து காய்ந்து, பாதி இடிபட்ட துணி. புதுப் பஞ்சுக்கு இல்லாத பக்குவம் அதில் இருந்தது. அவன் பரண்மேல் ஏறி மூட்டையை இறக்கினான். அப்பா தங்கச்சாமி காலமானதிலிருந்து அம்மா உடுத்துவது வெள்ளை நூல்சேலைதான். கரை கிடையாது, சாயம் கிடையாது. நைந்துபோனதையெல்லாம் மடித்து மடித்து மூட்டையில் போட்டு வைத்திருந்தாள். அவன் கண்ணுக்கு அது வெறும் நார். உலகத்திலேயே நல்ல நார்.

துணுக்குத் துணுக்காக வெட்டிச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி எடுத்து, உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பார்வதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளு. பிரஷ் புடிக்குத கைக்கு உலக்கை புடிக்கத் தெரியுமா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவள் இடித்த அழகே தனி. உலக்கை கை மாறும், மூச்சு மாறாது. துணி நூலாகி, நூல் கூழாகி, கடைசியில் தயிர் மாதிரி வழிந்தது. தொட்டியில் கரைத்துக் கலக்கிவிட்டு, கொசுவலை அடித்த மரச் சட்டத்தை உள்ளே விட்டுத் தூக்கினான் பூவனநாதன். முன்னும் பின்னும் ஒரு குலுக்கு, பக்கவாட்டில் ஒரு குலுக்கு. தண்ணீர் சொட்டி வடிய, வலைமேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்து நின்றது. அதை ஈரக் கம்பளியில் கவிழ்த்தான். அடுக்கடுக்காகக் கவிழ்த்து, பலகை வைத்து, அதன்மேல் அம்மியைத் தூக்கி வைத்துப் பிழிந்தான். பிழிந்த ஏடுகளைச் சுவரில் ஒட்டிக் காயவைத்து, மெல்லிய கஞ்சியில் முக்கி, மறுபடி காயவைத்து, சோழியால் தேய்த்தான்.

முதல் தாளைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டுத் தொட்டா துணின்னுதாம்ல சொல்லுவேன்."

"துணிதானம்மா அது."

அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அவன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கு அவனுக்குக் காகிதம் வந்த சந்தோஷம் பாதி, அந்தச் சிரிப்பு வந்த சந்தோஷம் பாதி. அதற்குப் பிறகு சாயங்காலமானால் இரண்டு பேரும் கொல்லையில்தான். அவள் இடிப்பாள், அவன் அள்ளுவான். மகன் படம் போடுவதற்குத் தாள் செய்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

தங்கை ஆறுமுகத்தாய் எட்டயபுரம் ரோட்டில் பால்வாடி டீச்சர். பசுவந்தனையில் நிலபுலமுள்ள சங்கரபாண்டி வீட்டில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை, அவர் மகன் மாயகிருஷ்ணன், மின்வாரியத்தில் இருந்தார். நிச்சயதார்த்தத்தன்று எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பார்வதியம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வழக்கம் அது. நல்ல காரியத்துக்கு யாராவது புறப்பட்டால் எதிரே வரமாட்டாள். தட்டை எடுத்துக் கொடுக்கமாட்டாள். மஞ்சளைத் தொடமாட்டாள். "கல்யாணத்தன்னைக்கு நான் சமையக்கட்டுப் பக்கம் இருந்துக்கிடுதேன், என்னத் தேடாதீங்க" என்று அப்போதே சொல்லி வைத்துவிட்டாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பூவனநாதனும் பேசவில்லை. காற்றும் வெயிலும் மாதிரி அதுவும் ஒன்று என்று பழகிப்போயிருந்தான்.

அவன் புத்தி வேறு எங்கோ இருந்தது. ஊரெல்லாம் மஞ்சள் அட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது. நம் தங்கச்சிக்கும் அதே அட்டையா? தூரத்து ஆட்களுக்கு அது போதும், நெருங்கின சொந்தங்களுக்கு நம் காகிதத்தில் அடித்தால் என்ன? அம்மாவிடம் சொல்லவில்லை. அச்சடித்துக் கொண்டுவந்து அவள் மடியில் போட வேண்டும், முதல் தாளைப் போட்ட மாதிரி. அவள் இன்னொரு தடவை சிரிக்க வேண்டும்.

தாள்களை நாலாகக் கிழித்து எடுத்துக்கொண்டு காலால் மிதித்து ஓட்டுகிற சின்ன பிரஸ் ஒன்றுக்குப் போனான். விஷயம் கேள்விப்பட்டு வந்த கண்ணுசாமி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "என்னய்யா, அப்பளம் மாதிரி இருக்கு" என்றார். சொன்னாரே ஒழிய, கீழே வைக்காமல் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். சிவப்பு ஏற்றச் சொல்லவில்லை. கரும்பச்சை மையில், ஒரே ஒரு பருத்திப் பூப் படத்தோடு, எழுத்து அழகாக இறங்கியது.

பத்திரிகைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டான். பார்வதியம்மாளுக்கு வாசிக்கத் தெரியும். பிள்ளையார் சுழியிலிருந்து மெதுவாக எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தாள். 'காலஞ்சென்ற தங்கச்சாமி அவர்களின் குமாரத்தி' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் விரல் தாளின் ஓரத்துக்குப் போனது. பிசிறைத் தொட்டது. அப்படியே நின்றுவிட்டது.

"ஏலே, இது நாம இடிச்ச கடுதாசில்லா."

"ஆமம்மா. எப்படி இருக்கு?"

"என் சேலைல்லா இது."

அவள் முகம் செத்துப்போயிற்று. மடியிலிருந்ததைத் தீயைத் தட்டிவிடுவது போலத் தட்டிவிட்டாள். "பாவிப்பயலே, என்ன காரியம்ல பண்ணியிருக்க. பூவும் பொட்டும் இல்லாதவ உடுத்திக் கழிச்ச வெள்ளை. அதுல போயா எம்மக கல்யாணத்த அடிப்பாங்க? ஆகாதுல. அந்தப் பிள்ளைக்கு ஆகாதுல."

"யாருக்கும் தெரியாதும்மா. இப்ப இது கடுதாசி."

"எனக்குத் தெரியும்லா."

பூவனநாதன் தரம் பார்த்தான், இழை பார்த்தான், மை இறங்குகிறதா என்று பார்த்தான். அதை உடுத்தியிருந்தவள் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவன் பார்க்கவில்லை. அவனைச் சுட்டது அவள் திட்டியதல்ல. பெற்ற மகளுக்குத் தன் துணி பட்டாலே கெடுதல் என்று அவள் சத்தியமாக நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

ஆறுமுகத்தாய் சிதறிக் கிடந்த பத்திரிகைகளைப் பொறுக்கினாள். "எம்மா, எனக்கு இதுதான் வேணும். பத்திரிகையில அண்ணன் பேரு இருக்கு, பெரியப்பா பேரு இருக்கு, செத்துப்போன அப்பா பேரும் இருக்கு. உன் பேரு ஒரு வரியிலகூட இல்ல. சேலையாவது இருந்துட்டுப் போட்டும்."

"வாயக் கழுவு ஏட்டி" என்றாள் பார்வதியம்மாள். அழுதாள். அடுப்பில் போடலாம் என்றால் பிள்ளையார் சுழியும் மகள் பேரும் போட்டதை எரிக்க மனம் வரவில்லை. பத்திரிகைக் கட்டை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மஞ்ச அட்டையில வேற அடிச்சிட்டு வா" என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அட்டையில் அடித்து முடிப்பதற்குள் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். பசுவந்தனை பஸ்ஸில் இறங்கி, சந்தையில் ஏதோ வாங்கிக்கொண்டு, அப்படியே முதல் பத்திரிகையை வாங்கிப்போக வந்தவர்கள். சங்கரபாண்டி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். அவர் மனைவி பெத்தம்மாள் தரையில் பாயில் உட்கார்ந்தாள். காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுத்துக் காய்த்த கை அவளுக்கு. பேச்சு கொஞ்சம்தான், வெற்றிலைதான் அதிகம்.

"மாப்ளே, பத்திரிகை அடிச்சாச்சா?" என்று பூவனநாதனைக் கேட்டார் சங்கரபாண்டி.

"அடிக்கக் குடுத்திருக்கு மாமா" என்றான் பூவனநாதன். அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. அதற்குள் ஆறுமுகத்தாய், சக டீச்சருக்குக் காட்டுவதற்காகப் பையில் ஒளித்து வைத்திருந்த ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து பெத்தம்மாள் கையில் கொடுத்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை நிலையைப் பிடிப்பது தெரிந்தது.

பெத்தம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் படிக்கவில்லை, தடவினாள். "இதென்ன, இம்புட்டு மெத்துன்னு இருக்கு" என்றாள்.

"எங்கண்ணன் செஞ்சது அத்தை. பழஞ்சேலையில."

யாருடைய சேலை என்று பெத்தம்மாள் கேட்கவில்லை. ஆனால் பார்வதியம்மாளால் தாங்க முடியவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் மறைத்த பாவமும் சேர்ந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்திருப்பாள். கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள்.

"என் சேலை மயினி. நான் உடுத்திக் கழிச்ச வெள்ளைச் சேலை. பய விவரம் தெரியாமப் பண்ணிப்புட்டான். மஞ்ச அட்டையில அடிச்சிக்கிட்டிருக்கு, நாளைக்கே குடுத்தனுப்புதேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க. அண்ணாச்சி, நீங்களுந்தான்."

சங்கரபாண்டி விசிறுவதை நிறுத்தினார். நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. "அதுக்கென்னம்மா, சின்னஞ்சிறுசுக, தெரியாமச் செய்யுததுதான். வேற அடிச்சிருவோம். நல்ல காரியத்துக்கு ஆகாதுங்கத எதுக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பூவனநாதனுக்கு. அந்த மெதுவான குரலுக்கு அம்மா தலையாட்டியதைத்தான் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். இழை, நார், பக்குவம் என்று அவனுக்குத் தெரிந்த ஒரு சொல்லும் அந்த இடத்தில் உதவவில்லை.

பெத்தம்மாள் பத்திரிகையை இன்னும் கீழே வைக்கவில்லை. கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். எழுந்து போய் வாசலில் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மயினி, இந்தப் பூவனன் பொறந்தப்ப மொதல்ல எதுல சுத்துனீங்க?"

பார்வதியம்மாள் விழித்தாள். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி. "எல்லாரும் சுத்துததுதான். பழஞ்சேலையில."

"புதுசுல சுத்தலையா? உங்க வீட்ல புதுத்துணிக்கா பஞ்சம்?"

"புதுசு பிள்ளைக்கு ஆகாதுல்லா. பச்சை உடம்புல உறுத்தும். பெரியவங்க உடுத்துன பழசுதான் ஆகும்."

"யாரு உடுத்துனது?"

"எங்க அத்தை உடுத்துனது."

"அப்ப உங்க அத்தை என்ன சேலை உடுத்தியிருந்தாவ?"

பார்வதியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பூவனநாதனுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் முகம் ஞாபகமில்லை. தாத்தா அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார் என்று மட்டும் தெரியும்.

"சொல்லுங்க மயினி."

"வெள்ளை."

"எம்மவன் மாயகிருஷ்ணனையும் எங்க அம்மை சேலையிலதான் சுத்துனோம். அவளும் வெள்ளைதான் உடுத்தியிருந்தா. ஏணைத் தொட்டில் கட்டுனதும் அதுலதான். தொட்டுப் பாத்ததுமே எனக்கு அதான் ஞாவம் வந்துச்சு, பிள்ளைத்துணி." பெத்தம்மாள் பத்திரிகையை மடிமேல் வைத்து நீவினாள். "பொறந்த அன்னைக்கு ஆகுத துணி, கல்யாணத்தன்னைக்கு ஆகாமப் போயிருமா? உங்க மகனத்தான் பாருங்களேன். கடுதாசிக் கிறுக்கு ஒண்ணத் தவிர வேற என்ன கொறை அவனுக்கு?"

ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாக முடிந்தது.

"அது வேற, இது வேற பெத்தம்மா" என்றார் சங்கரபாண்டி.

"எப்படி வேறன்னு சொல்லுங்க. கேப்போம்."

அவர் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். வேறு ஒன்றும் கிடைக்காமல், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாம்மா" என்று ஆறுமுகத்தாயைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படியே மஞ்சளையும் கொழைச்சுக் கொண்டா" என்றாள் பெத்தம்மாள்.

கிண்ணம் வந்தது. பெத்தம்மாள் அதை வாங்கி, பார்வதியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் முன்னால் வைத்தாள். "சம்பந்தி வீட்டுக்குக் குடுக்குத மொதப் பத்திரிகை. சேலைக்காரி கையால மஞ்ச வச்சுத் தாங்க, வாங்கிக்கிடுதேன்."

"மயினி, நான் மஞ்ச தொட்டு…" என்று ஆரம்பித்தாள் பார்வதியம்மாள். முடிக்கவில்லை. மகனைப் பார்த்தாள். தப்பித்துக்கொள்ள ஒரு வழி சொல்லமாட்டானா என்பது போலத்தான் பார்த்தாள். பூவனநாதன் அவள் அருகில் உட்கார்ந்து, பெத்தம்மாள் மடியிலிருந்த பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து அவளுக்கு நீட்டினான்.

அவள் மோதிர விரலைக் கிண்ணத்தில் தொட்டு, ஒரு மூலையில் வைத்தாள். காகிதம் மஞ்சளை இழுத்துக்கொண்டது. அவள் விரலின் ரேகைகூட அதில் விழுந்திருந்தது. விரலை எடுத்ததும், என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வேலை முடிந்து கை துடைக்கிற வழக்கத்தில் முந்தானையில் துடைத்தாள். வெள்ளைச் சேலையில் பளிச்சென்று மஞ்சள். அப்போதுதான் அவளே அதைப் பார்த்தாள். திடுக்கிட்டு முந்தானையைச் சுருட்டி மறைக்கப் போனாள்.

பெத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மயினி. இன்னும் மூணு மூலை இருக்கு."

பார்வதியம்மாள் மறுபடியும் கிண்ணத்தில் விரலை வைத்தாள்.